325ஐ பிளாக்கில் 528ஈ கிராங்க்: பூட்டிவிட்டால் பொருந்திவிட்டது என்று ஆகாது

பின்னணி

பி.எம்.டபிள்யூ.வின் எம்20 குடும்பத்தில் உள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் ஒன்றோடொன்று நெருங்கிய உறவு கொண்டவை. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒரே கேம்‌ஷாஃப்ட், பல் பெல்ட் என்று அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். இந்த ஆய்வுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று 325ஐ காரில் வந்த எம்20பி25: போர் (சிலிண்டரின் விட்டம்) 84 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75 மி.மீ., பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் நீளம் 135 மி.மீ. மற்றது 325ஈ, 528ஈ கார்களில் வந்த எம்20பி27: போர் அதே 84, ஸ்ட்ரோக் 81, ராட் நீளம் 130. இரண்டிலும் மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்கில் தாங்கி நிற்கும் உருளைப் பகுதி) 60 மி.மீ., ராட் ஜர்னல் (ராட் மாட்டும் பகுதி) 45 மி.மீ. அதனால் பி27 கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, பி25 பிளாக்கில் எந்தத் தடங்கலும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். 2,494 சி.சி. எஞ்சின் 2,693 சி.சி. ஆகிவிடும். ஈ30 கார் (325ஐ, 325ஈ அடங்கிய 3 சீரிஸ் தலைமுறை) வைத்திருப்பவர்கள் பல்லாண்டுகளாக இந்த மாற்றத்தைச் செய்துவருவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் 528ஈ நிறைய விற்ற கார் என்பதால் பழைய உதிரிபாக யார்டுகளில் கிராங்க் எளிதாகக் கிடைத்தது.

எளிதாக உட்காரும் என்பதே இதில் உள்ள ஆபத்து. ஜர்னல் விட்டம் ஒன்றாக இருப்பதால் கிராங்க் பூட்டிக்கொள்கிறது. எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது. மற்ற அளவுகள் தவறாக இருந்தாலும் அந்த நேரத்தில் எதுவும் தடுப்பதில்லை. இங்கே பதிவாகும் கார் அப்படிப்பட்டது.

கார் வந்த நிலை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓடிய 1989 மாடல் 325ஐ, ஐந்து கியர் மேனுவல். எஞ்சினில் எண்ணெய் குறைந்து ஓடியதால் பழைய கிராங்க் ஜர்னல் கீறிப் போயிருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்வதற்குப் பதிலாக, ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட ஒரு 528ஈயிலிருந்து கிராங்க்கும் ராடுகளும் எடுத்து வேறோர் இடத்தில் எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். பிஸ்டன்கள் மட்டும் 325ஐயின் பழையவை. ஹெட், இன்ஜெக்ஷன், கிளட்ச் எல்லாம் காரினுடையவையே.

உரிமையாளர் சொன்ன குறைகள் மூன்று. பெரிய எஞ்சின் ஆகியும் இழுவை முன்பைவிடக் கூடவில்லை, மேல் வேகத்தில் மந்தம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்குகிறது. நின்ற நிலையில் கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் முதல் கியர் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் போடும்போது பல் உரசும் சத்தம் வருகிறது. மூன்றும் மூன்று தனிப் பிரச்சினைகள் என்றே அவர் நினைத்திருந்தார். கிளட்ச் ஹைட்ராலிக்ஸ் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்சும் புதிது.

பிரிக்கும் முன் செய்த சோதனைகள்

கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் ஆறு சிலிண்டரும் 9.0 முதல் 9.3 பார் வரை. நல்ல எம்20பி25க்கு 10 முதல் 11 பார் வர வேண்டும். குறைவுதான், ஆனால் ஆறும் ஒரே அளவில் குறைவு. ரிங் தேய்ந்தாலோ வால்வ் சரியாக மூடாவிட்டாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் தெரியும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து ஒழுகலை அளக்கும் லீக் டவுன் டெஸ்ட்டில் எல்லாச் சிலிண்டரும் 8 சதவீதத்துக்குள் இருந்தன. காற்று ஒழுகவில்லை, ஆனால் அழுத்தம் எழவில்லை. இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் படித்தால் வடிவ அளவில்தான் பிழை என்பது ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும். கேம் டைமிங் ஒரு பல் தள்ளியிருந்தாலும் இப்படிச் சமமான குறைவு வரும் என்பதால் பட்டறையில் பெல்ட் குறிகளையும் பார்த்தார்கள். குறிகள் சரியாக இருந்தன.

ஆயில் பிரஷரை மெக்கானிக்கல் கேஜ் வைத்து அளந்தபோது சூடான ஐடிலில் 0.4 பார். சுவிட்ச் பொய் சொல்லவில்லை.

கிளட்ச்சைப் பொறுத்தவரை, மிதித்ததும் ஸ்லேவ் சிலிண்டர் தண்டு முழுத் தூரமும் நகர்ந்தது. ஆகவே கோளாறு பெல் ஹவுசிங்குக்குள். எஞ்சினும் கியர் பாக்ஸும் வெளியே எடுக்கப்பட்டன.

பிரித்த பிறகு கண்டது

கியர் பாக்ஸைப் பிரித்ததுமே ஒரு விடை கிடைத்தது. கிராங்க்கின் பின்முனைத் துளையில் பைலட் பேரிங் இல்லை. ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் அந்தத் துளையில் பேரிங் வைக்க மாட்டார்கள். மேனுவலில் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி அந்தப் பேரிங்கில்தான் தாங்கி நிற்கிறது. தாங்க ஆள் இல்லாமல் ஷாஃப்ட் தொங்கியதால், கிளட்ச் மிதித்தும் டிஸ்க் ஃபிளைவீலிலிருந்து ஒரே சீராக விலகவில்லை. கியர் முரண்டு பிடித்தது அதனால். இன்னும் சில மாதம் இப்படியே ஓட்டியிருந்தால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் போயிருக்கும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஓர் உதிரிபாகம் விடுபட்டதற்கு, கிளட்ச் மாஸ்டரும் ஸ்லேவும் இரண்டு முறை வாங்கப்பட்டிருக்கின்றன.

ஹெட்டைக் கழற்றி முதல் பிஸ்டனை டாப் டெட் சென்டருக்கு (மேல் முனைக்கு) கொண்டுவந்து, பிளாக் முகப்பில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். பட்டறையில் பிரித்துக் கிடந்த, எதுவும் மாற்றாத இன்னொரு பி25 பிளாக்கிலும் அதே அளவை எடுத்தார்கள். இந்தக் காரின் பிஸ்டன் அதைவிட 1.98 மி.மீ. கீழே நின்றது. ஆறாவது பிஸ்டனிலும் அதே அளவு.

மெயின் பேரிங் ஷெல்களில் (ஜர்னலைச் சுற்றித் தாங்கும் அரைவட்டத் தகடுகளில்) மேற்பூச்சு மங்கி, நடுவில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்கள் இருந்தன. கிராங்க் ஜர்னல்களில் எமரி துணி போட்டுக் கையால் தேய்த்த தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் மைக்ரோமீட்டரில் அளந்ததில் வட்டம் கெட்டது 0.02 மி.மீ. வரை. மெயின் இடைவெளி 0.08 முதல் 0.10 மி.மீ. வரை போயிருந்தது. இந்த எஞ்சினுக்கு 0.03 முதல் 0.07க்குள் இருக்க வேண்டும். ஆயில் பம்ப் நல்ல நிலையில்தான் இருந்தது. பம்ப் தள்ளிய எண்ணெய் பேரிங் ஓரத்தில் வழிந்து போனதால்தான் பிரஷர் நிற்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கப்பட்டது. பி.எம்.டபிள்யூ. கிராங்க்கிலும் பிளாக்கிலும் மெயின் ஜர்னலுக்கு நிறக் குறி போட்டு, அதற்கேற்ற தடிமனில் ஷெல் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கிராங்க் மாறியதும் பழைய ஷெல் தேர்வுக்கு அர்த்தம் இல்லை. இங்கே 325ஐயின் பழைய கிராங்க்குக்கு இருந்த நிறத்திலேயே புது ஷெல் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

முன்பு பூட்டியவர் சரியாகச் செய்தவையும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். பழைய 528ஈ எஞ்சின்களில் 111 பல் கொண்ட டைமிங் பெல்ட். பின்னால் வந்தவற்றில் 127 பல் பெல்ட், அதன் டென்ஷனரில் இசட்127 என்றே பொறித்திருக்கும். இரண்டுக்கும் பல்லின் வடிவமே வேறு. ஆகவே தானம் தந்த கிராங்க்கிலிருந்த ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு 325ஐயின் ஸ்ப்ராக்கெட்டைப் போட வேண்டும். அதைச் செய்திருந்தார்கள். முன் புல்லியும் 325ஐயினுடையதே. 1989 காரின் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியான மோட்ரானிக் 1.3, கிராங்க் நிலையை முன் புல்லியில் உள்ள பல் சக்கரத்திலிருந்து படிக்கிறது. பழைய 528ஈயில் அந்த சென்சார்கள் ஃபிளைவீல் பக்கம். புல்லியை மாற்றிப் போட்டிருந்தால் கார் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது.

இரண்டு மில்லிமீட்டரின் கணக்கு

ஸ்ட்ரோக் 6 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 3, கீழே 3 கூடுதலாகப் போகும். ராட் 5 மி.மீ. குட்டையானால் பிஸ்டன் மொத்தமாக 5 இறங்கும். 3 கழித்தல் 5, அதாவது மேல் முனையில் 2 மி.மீ. கீழே. டயல் கேஜ் காட்டியதும் அதுவே. இந்தக் கணக்குக்குக் காகிதமும் வேண்டாம். பூட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

கம்ப்ரெஷன் மீதான விளைவு: அமெரிக்க 325ஐயின் விகிதம் 8.8. ஒரு சிலிண்டர் 415.6 சி.சி., எனவே மேலே மிஞ்சும் இடம் 415.6 ஐ 7.8 ஆல் வகுத்தால் 53.3 சி.சி. 84 மி.மீ. போரில் 2 மி.மீ. உயரம் 11.1 சி.சி. ஆக இப்போது மேலே 64.4 சி.சி. சிலிண்டர் 448.9 சி.சி. விகிதம் 7.97. கூடுதல் கொள்ளளவால் வந்த லாபத்தில் பெரும்பகுதியை இறங்கிய கம்ப்ரெஷன் தின்றுவிட்டது. விகிதம் மட்டும் அல்ல, பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே கலவையை நசுக்கித் தள்ளும் அந்தக் குறுகிய இடமும் 2 மி.மீ. விரிந்துவிட்டது. எரிதல் மெதுவாகிறது. மேல் வேகத்தில் வந்த மந்தத்துக்கு இதுவும் காரணம்.

டர்போ போடும் திட்டம் இருந்தால் 8.0 விகிதம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே, சிலர் வேண்டுமென்றே இந்தச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் காரில் அப்படி ஒரு திட்டம் இல்லை.

எடுத்த முடிவுகள்

மேலே தூக்க வேண்டிய 2 மி.மீ. க்கு ஐந்து வழிகள் பேசப்பட்டன.

பிளாக்கின் முகப்பை 2 மி.மீ. சீவுவது மலிவானது. ஆனால் ஹெட் அத்தனையும் கீழே இறங்குவதால் கேம், கிராங்க் இடைத்தூரம் குறையும். கேம் பின்தங்கும். கேம் புல்லியின் ஆரம் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 2 மி.மீ. க்குக் கேம் ஏறக்குறைய 1.9 டிகிரி, கிராங்க் கணக்கில் 3.8 டிகிரி தாமதம். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்ட் செய்யும் கேம் புல்லி வேண்டும். முகப்பின் தடிமனும் திரும்ப வராது. நல்ல பிளாக் கிடைப்பது குறைந்துவரும் காலத்தில் இதைச் செய்யக் கூடாது என்று பட்டறை மறுத்தது. அந்த மறுப்பு சரியானது.

528ஈயின் பிஸ்டன்களையே போடுவது இரண்டாவது. அவை ஆரம்பகால 528ஈ ஹெட்டின் எரிஅறை வடிவத்துக்கு வார்க்கப்பட்டவை. 325ஐ ஹெட்டின் அறை வேறு. உயரம் சரியாகும், ஆனால் மேல்முக வடிவம் ஒத்துப்போகாது.

ராடுகளை மட்டும் 325ஐயின் 135 மி.மீ. ராடாக மாற்றி, இருக்கும் பிஸ்டனையே வைப்பது மூன்றாவது. அப்போது பிஸ்டன் 3 மி.மீ. மேலே ஏறி ஹெட்டில் மோதும். இது நடக்காத வழி. ஆனாலும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

மிஞ்சியது அளவு கொடுத்து பிஸ்டன் செய்விப்பது. அதிலும் இரண்டு: 130 ராடுக்கு 2 மி.மீ. உயரமான பிஸ்டன், அல்லது 135 ராடுக்கு 3 மி.மீ. குட்டையான பிஸ்டன். பிஸ்டன் விலை இரண்டுக்கும் ஒன்றே. காரின் சொந்த 135 மி.மீ. ராடுகள் உரிமையாளரின் கொட்டகையில் பெட்டியில் இருந்தன. 81 ஸ்ட்ரோக்கில் 130 ராட் அதிகபட்சமாக 18.2 டிகிரி சாய்கிறது, 135 ராட் 17.5 டிகிரி. சாய்வு குறைந்தால் பிஸ்டன் சுவரை அழுத்தும் விசையும் குறையும். குட்டைப் பிஸ்டன் எடையும் குறைவு. 135 ராட் தேர்வானது. பிஸ்டன் பின் 22 மி.மீ. இரண்டு ராடுக்கும் பொது.

சிலிண்டர்களில் மேலுக்கும் கீழுக்கும் தேய்மான வித்தியாசம் இருந்ததால் 84.5 மி.மீ. போர் செய்ய முடிவானது. கொள்ளளவு 2,725 சி.சி. மேலே மிஞ்சும் இடம் 54 சி.சி. வரும்படி பிஸ்டன் முகம் குறிக்கப்பட்டது. விகிதம் 9.4. அரிசோனாவில் கிடைக்கும் 91 ஆக்டேன் பிரீமியத்துக்கு இது மேல் எல்லைக்கு அருகில் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

வேறு கிராங்க் தேடலாமா என்ற பேச்சும் வந்தது. 524டிடி டீசல் காரின் எம்21 எஞ்சினிலும் 81 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க் உண்டு, அது அடித்துச் செய்த எஃகு, பி27 கிராங்க் வார்ப்பு. அமெரிக்காவில் அதே டீசல் எஞ்சின் 1984, 1985 லிங்கன் கார்களிலும் வந்தது. ஆனால் சாலையில் ஓடும், காற்றைத் தானே இழுக்கும் எஞ்சினுக்கு வார்ப்பு கிராங்க் தாராளமாகப் போதும். கையில் இருக்கும் கிராங்க்கில் விரிசல் இல்லையென்றால் அதையே வைப்பது என்று முடிவு.

கிராங்க்கில் செய்த வேலை

முதலில் காந்தத் துகள் சோதனை. விரிசல் இல்லை. இரண்டு முனைகளையும் வி பிளாக்கில் வைத்துச் சுற்றி நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்ததில் வளைவு 0.03 மி.மீ., ஏற்கத்தக்கது.

தேய்ப்பதற்கு முன்பே 0.25 அண்டர்சைஸ் (0.25 மி.மீ. குறுகிய ஜர்னலுக்கான) மெயின் ஷெல்லும் ராட் ஷெல்லும் கைக்கு வந்து சேர்ந்தன. இந்த வரிசை முக்கியம். கிராங்க்கைத் தேய்த்துவிட்டு ஷெல் தேடினால், கிடைக்கும் அளவுக்கு ஏற்ப மறுபடி தேய்க்க நேரும்.

ஜர்னலும் கிராங்க்கின் பக்கச் சுவரும் சேரும் மூலையில் உள்ள வளைவுதான் கிராங்க்கின் உயிர்நாடி. தேய்க்கும் கல் கூர்மையான மூலையை விட்டுவிட்டால், கிராங்க் முறியும்போது முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். ரேடியஸ் கேஜ் வைத்து பழைய வளைவை அளந்து, கல்லை அதே ஆரத்துக்குச் சீவிய பிறகே தேய்க்க அனுமதி. வேலை முடிந்து வந்ததும் அதே கேஜ் வைத்துப் பதினான்கு மெயின் மூலைகளும் பன்னிரண்டு ராட் மூலைகளும் பார்க்கப்பட்டன. எண்ணெய்த் துளைகளின் வாய் மழுக்கப்பட்டு, உள்ளே நீண்ட பிரஷ் விட்டு, கரைப்பான் ஊற்றி, காற்றடித்து, துளை வழியாக வெளிச்சம் பார்க்கும்வரை கழுவப்பட்டது. தேய்த்த துகள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் முதல் ஐந்து நிமிட ஓட்டத்திலேயே புது ஷெல் கெடும்.

பேலன்ஸ் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. வழக்கமான வி8 எஞ்சினில் பிஸ்டன், ராட் எடையிலிருந்து கணக்கிட்ட எடையைக் கிராங்க்கில் மாட்டித்தான் பேலன்ஸ் செய்ய வேண்டும். வரிசை ஆறில் மூன்று ஜோடிப் பிஸ்டன்கள் 120 டிகிரி இடைவெளியில் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஆகவே கிராங்க்கைத் தனியாகச் சுற்றியே பேலன்ஸ் செய்யலாம். பிஸ்டன் எடை மாறியதால் கிராங்க்கில் துளை போட வேண்டியதில்லை. வேண்டியது ஆறும் ஒரே எடையாக இருப்பது. பிஸ்டன்கள் 1 கிராமுக்குள், ராடுகளின் பெரிய முனையும் சிறிய முனையும் தனித்தனியே 2 கிராமுக்குள் சமமாக்கப்பட்டன. முன் புல்லியும் ஃபிளைவீலும் தனித்தனியே பேலன்ஸ் பார்க்கப்பட்டன.

பூட்டிய விதம்

முதலில் சோதனைப் பூட்டு. கிராங்க்கும் ஒன்றாம், ஆறாம் பிஸ்டன்களும் மட்டும் ரிங் இல்லாமல். பிஸ்டன் மேல் முனை, அந்த மாற்றாத பி25 பிளாக்கின் அளவோடு 0.05க்குள் ஒத்துப்போனது. பிறகு கீழ் முனை. இங்கே பலர் கவனம் செலுத்துவதில்லை. 135 ராட், 81 ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பின், கீழ் முனையில் கிராங்க் மையத்திலிருந்து 94.5 மி.மீ. தூரத்தில் நிற்கும். 325ஐயின் அசல் அமைப்பில் (135 ராட், 75 ஸ்ட்ரோக்) 97.5. பிஸ்டனின் பாவாடைப் பகுதி 3 மி.மீ. கூடுதலாகக் கீழே வருவதால் கிராங்க்கின் எதிர்எடையில் உரச வாய்ப்பு உண்டு. பிஸ்டன் செய்பவரிடம் இதைச் சொல்லிப் பாவாடை குறைக்கப்பட்டிருந்தது. 2 மி.மீ. கம்பி உள்ளே தாராளமாக நுழைந்தது. ராட் போல்ட் தலை சிலிண்டர் கீழ் விளிம்பைத் தாண்டிப் போவதையும் ஆறு இடத்திலும் கையால் சுற்றிப் பார்த்தார்கள்.

எம்20இல் பெல்ட் அறுந்தால் வால்வ் பிஸ்டனில் மோதும். ஆகவே புதுப் பிஸ்டனின் வால்வ் குழியையும் சோதிக்க வேண்டும். பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, பழைய கேஸ்கட் வைத்து ஹெட்டைப் பூட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, மிக மெல்லிய இடத்தை வெட்டி அளந்ததில் இன்டேக் பக்கம் 2 மி.மீ. க்கும் மேல் இருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் தாராளம்.

முழுப் பூட்டின்போது மெயின் இடைவெளி 0.045 முதல் 0.055. பிளாஸ்டிகேஜை (நசுங்கி இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழையை) மட்டும் நம்பாமல் ஷெல்லுடன் கேப்பை முறுக்கி, உள் விட்டம் போர் கேஜில் எடுக்கப்பட்டது. ராட் போல்ட்கள் புதியவை, 20 நியூட்டன் மீட்டர், பிறகு 70 டிகிரி. ஹெட்டுக்குப் பழைய அறுகோண போல்ட்டை ஒதுக்கிவிட்டு டார்க்ஸ் போல்ட்: 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. கிராங்க் முன் ஹப்பின் போல்ட் 410 நியூட்டன் மீட்டர். இதற்கு ஃபிளைவீலைப் பூட்டிப் பிடிக்கும் சரியான கருவி வேண்டும், கியரில் போட்டு பிரேக் மிதித்து முறுக்கினால் அளவு வராது. பைலட் பேரிங் இம்முறை மறக்கப்படவில்லை. வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ.

இந்த எஞ்சினில் ஆயில் பம்ப்பை ஓட்டுவது டைமிங் பெல்ட்டால் சுற்றும் இடை ஷாஃப்ட். அது ஒரு நல்ல வசதி. பெல்ட் போடுவதற்கு முன் இடை ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டைத் துளைக்கருவியால் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றினால், கிராங்க் அசையாமலே எண்ணெய் எல்லாப் பேரிங்குக்கும் ஏறிவிடும். கேஜில் பிரஷர் தெரிந்து, ராக்கர் வரை எண்ணெய் வந்த பிறகுதான் பெல்ட் போடப்பட்டது.

எரிபொருளும் வேக வரம்பும்

மோட்ரானிக் காற்றை அளந்து பெட்ரோல் விடுவதால் பாதி மிதியில் கூடுதல் கொள்ளளவைத் தானாகவே சமாளித்துக்கொண்டது. முழு மிதியில், 5,500 சுற்றில், லாம்டா (காற்று, பெட்ரோல் விகிதத்தின் அளவு; 1க்குக் கீழே குறையக் குறைய பெட்ரோல் கூடுதல்) 0.96. அந்த இடத்துக்கு இது மெலிந்த கலவை. ஸ்ட்ரோக் 75லிருந்து 81 ஆனதால் கொள்ளளவு 8 சதவீதம் கூடுகிறது. எரிபொருள் பிரஷரை 3.0லிருந்து 3.5 பாராக உயர்த்தினால், இன்ஜெக்டர் ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலப்படி கூடும் என்பதால் அதுவும் 8 சதவீதம். 3.5 பார் ரெகுலேட்டர் போட்டதும் முழு மிதியில் 0.88 வந்தது. இன்ஜெக்டர் மாற்றத் தேவைப்படவில்லை. 528ஈயின் ரெகுலேட்டரை இங்கே போட்டுவிடக் கூடாது, அது 2.5 பார்.

பழைய எஞ்சின் 6,500 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.25 மீட்டர். 81 ஸ்ட்ரோக்கில் அதே வேகம் 6,000 சுற்றிலேயே வந்துவிடும். ஆகவே மோட்ரானிக்கின் சிப்பில் வரம்பு 6,200 என்று இறக்கப்பட்டது. இந்த எஞ்சினின் பலம் நடு வேக இழுவை. அதைத் தாண்டி அலற வைப்பதில் பயன் இல்லை.

பின்விளைவு

முதல் ஓட்டத்துக்குப் பின் கம்ப்ரெஷன் 11.3 முதல் 11.5 பார், ஆறும் சமம். சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் 1.1 பார். ரிவர்ஸ் கியர் சத்தமின்றி விழுந்தது. 1,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றி, ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்ததில் பேரிங் உலோகத் துகள் இல்லை, ரிங் படியும்போது வரும் மெல்லிய இரும்புத் தூள் மட்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பிஸ்டன் தட்டும் சத்தம் ஒரு நிமிடம் கேட்கிறது. அடித்துச் செய்த பிஸ்டனுக்கு வார்ப்புப் பிஸ்டனைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டியிருப்பதால் வருவது அது, சூடானதும் மறைகிறது.

ஒரு புதுப் பிரச்சினை முளைத்தது. 40 டிகிரிக்கு மேல் வெயில் அடித்த நாட்களில், நான்காவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்தால் மெல்லிய நாக் சத்தம் (கலவை தானாக வெடித்து எரிவதால் வரும் தட்டல்). எம்20பி25இல் நாக் சென்சார் கிடையாது, எஞ்சின் தானாகப் பின்வாங்காது. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சிப்பில் 1,800 முதல் 3,000 சுற்று வரை, முழு மிதிக்கு மட்டும், ஸ்பார்க் 3 டிகிரி குறைக்கப்பட்டது. சத்தம் நின்றது, ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தானம் தரும் கிராங்க்கையும் காரின் கிராங்க்கையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே எதையும் வாங்க வேண்டும்: ஸ்ப்ராக்கெட் பல், சாவி, ஹப் உட்காரும் இடம், நிறக் குறி, ஜர்னல் அளவு, பின் துளை. இது அரை மணி நேர வேலை. இந்தக் காரில் மூன்று குறைகளில் இரண்டு அந்த மேசையிலேயே பிடிபட்டிருக்கும். மூன்றாவது, 3 கழித்தல் 5.

பழைய கிராங்க்கை எமரி துணியால் தேய்த்துப் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒன்று, அளவு சரியாக இருந்தால் இயந்திரத்தில் பாலிஷ் மட்டும், இல்லையென்றால் 0.25 தேய்ப்பு. நடுவழி கிடையாது.

பிஸ்டன் ஆர்டர் கொடுக்கும்போது வெயில் மிகுந்த ஊருக்கு 9.4க்குப் பதில் 9.2 என்று குறிக்கலாம். மேலே 1.4 சி.சி. கூடுதலாக விட்டால் போதும். அதைப் பிஸ்டன் முகத்தின் குழியிலேயே வாங்க வேண்டும், விளிம்பைத் தொடக் கூடாது. தடித்த கேஸ்கட் போட்டு விகிதத்தை இறக்கினால் நசுக்கும் இடைவெளியும் சேர்ந்து விரிந்து, எந்த நாக் சத்தத்தைத் தடுக்க நினைத்தோமோ அதற்கே இடம் கொடுத்ததாகும்.